இருபத்தெட்டு அடிச் சுவர்

ரொறொன்ரோவில் 2013 ஜூலை 8 மழையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர். எங்கள் வீடு எட்டோபிக்கோவில், 1950களில் கட்டின பங்களோ. அன்று பேஸ்மென்டில் வடக்குச் சுவரும் தரையும் சேருகிற மூலையால் தண்ணீர் ஊறி வந்து கலியாண ஆல்பப் பெட்டியை நனைத்துவிட்டது. வீடு வாங்கும்போதே அந்தச் சுவரில் உப்புப் பூத்திருந்தது. பெயின்ட் அடித்தால் போய்விடும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

முதலில் சின்ன வேலைகள். கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை ஆறடி நீட்டினேன். சுவரோரம் மண் போட்டு வெளிப்பக்கம் சரித்தேன். பாதிக்கு மேல் குறைந்தது. இதைச் செய்து பார்க்காமல் யாரும் மண்வெட்டியைத் தொடவேண்டாம். ஆனாலும் அடுத்த பனி உருகலில் மூலை மறுபடி ஈரம். ஒப்பந்தகாரர் சொன்ன விலைக்குக் குடும்பத்தோடு இரண்டுதரம் ஊருக்குப் போய்வரலாம். சுவரோரத்தை வெளிப்பக்கமாக அத்திவாரம்வரை கிண்டி, சுவரை அடைத்து, தண்ணீர் வடியக் குழாய் பதிக்கவேண்டும். சரி, நானும் மச்சானுமாகக் கிண்டுவோம் என்று 2014 ஓகஸ்டில் இறங்கினோம்.

கிண்டுவதற்கு முன், நிலத்துக்கடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளம் காட்ட ஏற்பாடு செய்கிற ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்தோம். இலவசம்தான். காஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு என்று புல்லில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். காஸ் குழாய் நான் நினைத்த இடத்துக்கு மூன்றடி தள்ளி ஓடியது.

குழாய் பதிப்பதெல்லாம் ஒரு நாள் வேலை. மண்தான் வேலை. இருபத்தெட்டு அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஆறடி ஆழம் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12 கன மீற்றர், இருபது தொன்னுக்கு மேல் களிமண். வெட்டியெடுத்தால் இன்னும் பொங்கும். பக்கத்து வீட்டு வேலிக்கும் எங்கள் சுவருக்கும் இடையில் இயந்திரம் நுழையாது. வாளியும் கயிறும் அலவாங்கும்தான். மண்ணைக் கிடங்கின் விளிம்பிலேயே குவித்தோம், அது பிழை. மூன்றாம் நாள் ஒரு மழைக்கு ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. நல்லகாலம், நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். இங்கே வேலைத்தலச் சட்டப்படி நாலடிக்கு மேல் கிண்டினால் பக்கங்களைச் சரிக்கவேண்டும் அல்லது முட்டுக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பிளைவுட் பலகை வைத்து, குறுக்கே மரம் இறுக்கி, மண்ணைப் பின்வளவுக்குச் சுமந்தோம். மூன்று கிழமை போனது.

அடியில் பழைய வீப்பிங் டைல், அதாவது அத்திவாரத்தோரத் தண்ணீரை வடிக்கிற குழாய், கிடந்தது: ஓரடி ஓரடியான சுட்ட மண் குழாய்கள், இடைவெளி விட்டு வைத்தவை. உள்ளே சேறும் வேரும் இறுகிப்போய், ஒரு சொட்டுக்கூட ஓட வழியில்லை. அறுபது வருடம் அது உழைத்ததே பெரிய காரியம்.

அத்திவாரத்தின் அடிக்குக் கீழே ஓரிடத்திலும் தோண்டவில்லை. தோண்டினால் வீடு இறங்கும். சுவரைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, தார் பூசி, மேலே குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு அடித்தோம். குமிழ் சுவர்ப்பக்கம் இருக்கவேண்டும். பிறகு மண்ணை மறித்துத் தண்ணீரை மட்டும் விடுகிற வடிதுணியை விரித்து, கழுவின சல்லி கொட்டி, நாலங்குல விறைப்பான பீவீசீ குழாய். துளை மேலே இருக்கவேண்டும் என்று மச்சான் சத்தியம் பண்ணினான். தண்ணீர் கீழிருந்து உயர்ந்து வருவதால் துளை கீழேதான். சரிவுக்கு ஊரில் மேசன்மார் செய்வதுபோல ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். குழாய்க்கு மேலும் ஓரடிச் சல்லி போட்டு, துணியால் முழுவதையும் போர்த்தோம். குழாய்க்கு மட்டும் உறை போட்டால் களிமண் அதை அடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

குழாயை அத்திவாரத்துக்கு உள்ளே கொண்டுபோய் சம்ப் கிடங்கில், அதாவது தண்ணீர் சேர்ந்து பம்பால் வெளியேறுகிற பேஸ்மென்ட் குழியில், சேர்க்கிற வேலையை மட்டும் பிளம்பரிடம் விட்டேன். பம்புக்கு பற்றரியும் பூட்டச் சொன்னேன். அதற்கு அவர் கேட்ட காசு அப்போது எரிச்சலாக இருந்தது.

அடுத்த வசந்தத்தில் நிரப்பிய மண் ஒரு சாண் இறங்கி, சுவரடியில் குட்டை கட்டியது. கிண்டின களிமண்ணையே மிதித்து மிதித்து மறுபடி நிரப்பினோம்.

2024 ஜூலை 16 அன்று பியர்சனில் 97.8 மில்லிமீற்றர். எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. மனைவி டோர்ச்சோடு படியில் நின்று, "இஞ்சேருங்கோ, என்ன சத்தம் அது?" என்றாள். கீழே இருட்டில் பற்றரிப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.