பத்துத் தடவை எழுதினால் மண்டையில் ஏறுமா?

வெள்ளிக்கிழமை தமிழ் டிக்டேஷன் என்றால் வியாழக்கிழமை ராத்திரிதான் பல வீடுகளில் அந்தச் சொல் பட்டியல் பையை விட்டே வெளியே வரும். சாப்பிட்டு முடித்துத் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் "ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை எழுது, அப்பதான் மண்டையில் ஏறும்" என்று நாம் சொல்ல, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும். நம்மையும் இப்படித்தான் எழுத வைத்தார்கள் என்பதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. எனக்கு இந்த முறையில் துளியும் நம்பிக்கை கிடையாது.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனியுங்கள். 'முயற்சி'யைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் என் மகள் முதலில் 'மு'வை மட்டும் மேலிருந்து கீழாகப் பத்து வரிக்கும் போடுவாள். அப்புறம் மறுபடி மேலே போய் 'ய' வரிசை. அடுத்து 'ற' வரிசை, 'சி' வரிசை, கடைசியில் புள்ளிகளை மட்டும் டக் டக்கென்று ஒரே ஓட்டமாக வைத்துக்கொண்டே இறங்குவாள். பக்கம் நிறைந்துவிடும், கையும் வலிக்கும். ஆனால் அந்தச் சொல்லை முழுதாக ஒரு தடவைகூட அவள் எழுதியிருக்க மாட்டாள். வரிசையாக எழுதுகிற பிள்ளைகூட மேல் வரியைப் பார்த்துத்தான் கீழ் வரியை எழுதுகிறது, மேலே தப்பு இருந்தால் பத்தும் தப்பு.

சொல்லைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூட வேண்டும், நினைவிலிருந்து எழுத வேண்டும், திறந்து தானே சரிபார்க்க வேண்டும். வீட்டில் நாங்கள் செய்வது அவ்வளவுதான். இதில் உயிர்நாடி அந்த மூடுவது. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது, நைசாக விரலை விலக்கி எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் திட்டாதீர்கள், எந்த இடத்தில் பேனா நின்று கண் போனது என்று கவனியுங்கள். 'முய' வரை கடகடவென்று வந்து அங்கே தயங்கினால் சந்தேகம் 'ற்' மேல்தான். மீதி எழுத்துகளைப் போட்டு அறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூடி எழுதுவது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள், இன்னொரு சாராரைப் படித்ததை நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னணியில். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அது பத்திகளை வைத்துச் செய்த ஆய்வு, எழுத்துப் பிழையை வைத்து அல்ல. ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை அடுத்த வாரக் கட்டுரையில் அதே சொல்லைத் தப்பாக எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாக இருக்காது.

அதே மாதிரிதான் இடைவெளியும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அதைக் கணக்கெடுத்து 1885-இல் புத்தகமே போட்டார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிடப் பல நாளுக்குப் பிரித்துப் படித்தால் குறைவான உழைப்பிலேயே நிற்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார். அதனால் பட்டியல் வந்த அன்றே அதை வெளியே எடுத்துவிடுவது நல்லது. முதலில் எதுவும் படிக்காமலே ஒரு தடவை டிக்டேஷன் போட்டுப் பார்த்தால் பாதிச் சொற்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதை ஓரமாக வைத்துவிடலாம். மிச்சத்துக்குத் தினம் ஐந்து பத்து நிமிடம் தாராளம்.

சரி, இப்போது தமிழுக்கே உரிய தலைவலிக்கு வருவோம். கேட்டது போலவே எழுதினால் போதும் என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை. ல, ள, ழ மூன்றையும் நாம் ஒழுங்காகச் சொன்னால் பிள்ளை ஒழுங்காக எழுதும். நம் வாயில் 'பள்ளி' 'பல்லி' ஆகிவிட்டால் பிள்ளை பல்லிக்கூடம் என்று எழுதியதற்கு அதைக் குற்றம் சொல்லி என்ன பயன். நாக்கை மடிக்கிறோமா, பல்லடியில் வைக்கிறோமா என்று கண்ணாடி முன்னால் நின்று காட்டுங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும். 'கள்' விகுதிக்கு எப்போதும் 'ள்', ழகரம் இரட்டித்து வராது, இந்த இரண்டைச் சொல்லிக்கொடுத்தாலே கொஞ்சம் குழப்பம் தீரும்.

ந, ன விஷயம் வேறு. இன்றைய பேச்சில் இரண்டுக்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாது, அதனால் எத்தனை தடவை அழுத்திச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை. இங்கே பக்கத்து எழுத்துதான் துணை. த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன்: பந்து, வண்டி, கன்று. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பெயர்களே அதைச் சொல்லிவிடுகின்றன, ஆனால் நம்மில் பாதிப் பேர் 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்றே சொல்லிச் சமாளித்துவிட்டோம். சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். முந்நூறு மாதிரி சில சொற்கள் நடுவில் வந்து காலை வாரும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த விதி 'முயற்சி'க்கு உரியது. ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, காட்சி, கேட்க, கற்க எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ர், ழ், ய் பக்கத்தில் தாராளமாக வரும்: வளர்ச்சி, மகிழ்ச்சி, காய்ச்சல். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று பெரியவர்களே பேனரில் அச்சடித்து மாட்டுகிறார்கள். இந்த விதியைச் சொன்ன நாளிலிருந்து மகளுக்குச் சுவரொட்டிகளில் தப்புப் பிடிப்பதே பொழுதுபோக்கு. வண்டியில் போகும்போது பின்னாலிருந்து "அங்க பாரும்மா, ரெண்டு புள்ளி!" என்று கத்துவாள். வீட்டில் நான் போடுகிற எந்தப் பயிற்சியும் அந்தளவுக்கு வேலை செய்ததில்லை.

டிக்டேஷன் சொல்கிறவர் ஒன்றிரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'வளர்ர்ர்ச்ச்சி' என்று இழுத்துச் சொன்னால் விடையையே சொன்ன மாதிரி, வகுப்பில் யாரும் அப்படி இழுக்கப் போவதில்லை. கரை, கறை போன்ற சொற்களைத் தனியாகச் சொல்லவே கூடாது. 'ஆற்றங்கரை', 'சட்டையில் கறை' என்று பொருளோடு சொன்னால்தான் பிள்ளையால் முடிவெடுக்க முடியும். எழுதும்போது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதும் பிள்ளைகள் உண்டு, நம் புருவம் ஏறினால் உடனே அழித்துவிடும். அதனால் நான் காய் நறுக்கும் வேலை எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தே சொல்லுவேன்.

திருத்தும்போது சொல் முழுவதையும் அடித்துப் பெருக்கல் குறி போடுவது எனக்கு ஒப்பாது. ஐந்து எழுத்தில் நான்கு சரியாக இருக்கும், பிள்ளைக்கோ மொத்தமும் தப்பு என்று மனதில் பதியும். தப்பான எழுத்தின் கீழ் மட்டும் ஒரு சின்னக் கோடு போதும், இன்னும் நல்லது பட்டியலைக் கையில் கொடுத்து அதையே கண்டுபிடிக்கச் சொல்வது. தானே கண்டுபிடித்த தப்பை அது அடுத்த முறை செய்வது குறைவு. போனில் தட்டச்சுச் செய்து பழகட்டுமே என்று கேட்பவர்களுக்கு, இரண்டு எழுத்து அடித்ததுமே விசைப்பலகை முழுச் சொல்லையும் நீட்டிவிடும், நினைவுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம், வெள்ளிக்கிழமையோடு பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். தப்பான சொற்களை அடுத்த வாரப் பட்டியலின் அடியில் எழுதிவிடுங்கள், தொடர்ந்து சரியாக வந்தபிறகு அடித்துவிடலாம். எங்கள் வீட்டுப் பட்டியலின் அடியில் 'முந்நூறு' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 'இறங்கு' போன வாரம்தான் போனது.