டிசைன் தொடங்கும் முன் தாளை முடிவு செய்யுங்கள்

அச்சகத்தில் ப்ரீபிரஸ் மேஜை என்னுடையது. வரும் ஃபைலைத் திறந்து சரிபார்த்து, பக்கங்களை ஃபாரத்தில் (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுப்பு) அடுக்கி, பிளேட் எனும் அச்சுத் தகடு எடுக்க அனுப்புவது என் வேலை. மெஷின் ஓடிய பிறகு தெரியும் குறைகளில் பெரும்பாலானவற்றை இந்த மேஜையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அவற்றில் பாதி, டிசைனர் புதிய ஃபைலைத் திறக்கும் முன்பு அச்சகத்துக்கு ஒரு போன் செய்திருந்தால் வந்தே இருக்காது. அந்தப் போனில் என்ன பேச வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தாள். "டிசைன் முடியட்டும், தாளை அப்புறம் பார்க்கலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டிசைனின் நிறமே தாளைப் பொறுத்தது. ஆர்ட் பேப்பரில் கோட்டிங் இருப்பதால் மை மேலேயே நிற்கும், படம் பளிச்சென்று வரும். கோட்டிங் இல்லாத தாளில் மை உள்ளே இறங்கி அக்கம்பக்கம் பரவும், ஒவ்வொரு புள்ளியும் பெருக்கும். இதை டாட் கெயின் என்போம். 50 சதவீதம் என்று நீங்கள் கொடுத்த சாயல் அந்தத் தாளில் 70 சதவீதத்தை ஒட்டி அடர்ந்து தெரியலாம். நிழல் நிறைந்த புகைப்படம் என்றால் முகமே இருண்டுவிடும். சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள், ஒவ்வொன்றும் 100 சதவீதம் வரை போகும்; நான்கையும் கூட்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் தாளுக்குத் தாள் வரம்பு உண்டு. ஆர்ட் பேப்பர் சுமார் 300 சதவீதம் வரை தாங்கும், செய்தித்தாள் காகிதத்தில் 240-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சகத்திடம் தாளின் பெயரோடு எந்தக் கலர் புரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஃபைல்) என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். தபாலில் அனுப்பும் மடல்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக உதவும். ஆனால் ஜிஎஸ்எம்மை வைத்துத் தடிமனைக் கணக்கிடாதீர்கள். அதே எடையில் ஆர்ட் பேப்பர் மெலிதாகவும், பல்க்கியான புத்தகத் தாள் கணிசமாகத் தடிமனாகவும் இருக்கும். புத்தக முதுகின் அகலத்தை, தாளைத் தேர்ந்தெடுத்த பிறகு அச்சகத்திடம் கேட்டே போடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் எடுத்து, மெஷினில் ஏற்றி, நிறம் சரியாக உட்காரும்வரை தாள்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் செலவு நூறு பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குறைந்த பிரதிகள் என்றாலோ, ஒவ்வொன்றிலும் பெயர் மாற வேண்டும் என்றாலோ பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் அச்சுக்குப் போய்விடுங்கள்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். நடுவில் பின் அடிக்கும் இதழுக்கு இது கட்டாயம், ஏனென்றால் ஒரு தாளை மடித்தாலே நான்கு பக்கம் வந்துவிடும். புத்தகம் என்றால் 16 பக்க ஃபாரங்களாக யோசிப்பது நல்லது. 98 பக்கம் எழுதிவிட்டு வந்தால் இரண்டு பக்கத்தைக் குறைக்கச் சொல்லி நான் கெஞ்சுவேன், 96 என்றால் ஆறு ஃபாரம் அழகாக முடியும்.

வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சான தாள்களைக் கட்டுக் கட்டாக வைத்து ஒரே வீச்சில் வெட்டுகிறார்கள். கட்டுக்குள் தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். அதற்காகத்தான் ப்ளீட் கேட்கிறோம். பின்னணி நிறமோ படமோ ஓரம்வரை போகிறது என்றால், வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். எழுத்தும் லோகோவும் கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ. தள்ளி இருக்கட்டும். பக்கத்தைச் சுற்றி ஓரத்தை ஒட்டி மெல்லிய கோட்டுச் சட்டம் போடுவது பலருக்குப் பிடிக்கும், நான் வேண்டாம் என்பேன். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் இளைத்தும் கண்ணில் குத்தும்.

இனி கறுப்பு. எனக்கு அதிக வேலை வைப்பது இதுதான். திரையில் கறுப்பு ஒன்றுதான், அச்சில் பல கறுப்புகள் உண்டு. திரைக்கான நிற முறையான ஆர்ஜிபியில் செய்த கறுப்பை, நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அது நான்கு மைகளிலும் சிதறிவிடும். பெரிய தலைப்பில் அது தெரியாது. ஒன்பது பாயின்ட் எழுத்தில், நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினால்கூட எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் நிழலாடும், படிக்கிறவர் கண் வலிக்கும். அதனால் பத்திகளில் வரும் சிறிய எழுத்து முழுவதும் கறுப்பு மை 100, மற்ற மூன்றும் பூஜ்யம். பிடிஎஃப்பை அக்ரோபாட்டில் திறந்து, அவுட்புட் பிரிவ்யூவில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து மொத்தமும் மறைந்தால் சரி. பேய் போல மங்கலாக மிச்சம் நின்றால் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

அகலமான கறுப்புப் பரப்புக்கு இதற்கு நேர் எதிர். கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். சயான் 60, மெஜன்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கொடுத்தால் ஆழமாக இருக்கும், மொத்தம் 240 சதவீதம்தான். மென்பொருளின் ஸ்வாட்ச் (நிறப்) பட்டியலில் உள்ள ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் நான்கு மையும் நூறு நூறு, அது வெட்டுக்குறிகளுக்கானது. வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு) விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் திரையில் தெரியும் எழுத்து அச்சில் காணாமல் போய்விடும்.

நிறங்களில் நீலம்தான் ஏமாற்றும். சயானும் மெஜன்டாவும் சமமாகக் கலந்தால் ஊதா. நீலம் நீலமாக வர வேண்டும் என்றால் மெஜன்டாவை சயானைவிட 30 சதவீதமாவது குறைவாக வையுங்கள். திரையில் மின்னும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மைக் கலவையில் கிடைக்காது. நிறுவனத்தின் லோகோ நிறம் பிசகவே கூடாது என்றால் பான்டோன் (முன்கூட்டியே கலந்த மைகளின் நிறப் பட்டியல்) எண் கொடுத்துத் தனி மையாக அடிக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு பிளேட் கூடும்.

படங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அதுவும் அச்சாகும் அளவில். 1200 பிக்சல் அகலப் படம் 10 செ.மீ. வரைதான் தாங்கும். மென்பொருளில் எண்ணை மாற்றி எழுதுவதால் படத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது. செயலியில் பகிர்ந்து சுருங்கிய படத்தை அனுப்பாமல் கேமராவின் மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் தட்டிய உரை, அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யூனிகோடு என்றால் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எனவே திறந்த ஃபைலை அனுப்பாமல், ஃபான்ட் உட்பொதித்த பிடிஎஃப்பாக அனுப்புங்கள். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏவா எக்ஸ்-4ஆ என்று அச்சகம் சொல்லும். அந்த பிடிஎஃப்பை வேறொரு மென்பொருளில் திறந்து ஒரு சொல்லைத் திருத்தலாம் என்று யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள், தமிழ் அங்கேதான் உடையும். திருத்தத்தை மூல ஃபைலில் செய்து புதிதாக பிடிஎஃப் எடுங்கள்.

மெய்ப்பு வந்ததும் வெட்டி, மடித்து, புத்தகம் போலப் புரட்டிப் பாருங்கள். நிறத்தை அச்சகம் தரும் கலர் புரூஃபில், 5000 கெல்வின் விளக்கின் கீழ் பாருங்கள். தொலைபேசி எண், தேதி, பெயர்களை வேறொருவர் சத்தமாகப் படிக்கட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் புது பிளேட். அந்த எழுத்து கறுப்பில் மட்டும் இருந்தால் ஒரு பிளேட்டோடு போகும், படத்தின் மேல் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் நான்கையும் மறுபடி எடுக்க வேண்டும். ஒரே கையேட்டை இரண்டு மூன்று மொழிகளில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் உரை முழுவதையும் கறுப்பிலேயே வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற மூன்று பிளேட்டும் மெஷினிலேயே இருக்க, ஒவ்வொரு மொழிக்கும் கறுப்பை மட்டும் மாற்றி ஓட்டித் தருவோம்.