ஒகேனக்கல் படங்களை மெயிலில் அனுப்பிய கதை

பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஒன்பது பேர் போன மாதம் ஒகேனக்கல் போயிருந்தோம். ஆற்றில் தண்ணீர் அளவாக இருந்ததால் பரிசல் விட்டார்கள், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் எல்லாம் வழக்கம்போல. கேமரா என்னுடையது, அதனால் படம் எடுக்கும் வேலையும் என் தலையில். தேறியது 42 படங்கள், ஒவ்வொன்றும் 6 முதல் 8 எம்பி. எடுத்தது அரை நாளில் முடிந்தது, எட்டுப் பேருக்கு அனுப்பி முடிக்கத்தான் பத்து நாள் ஆனது.

முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து போனவன் பரிசல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துவிட்டு, "என்னடா, அருவி பஞ்சு மாதிரி இருக்கு" என்று போனில் திட்டினான். சும்மா அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பினால்தான் உள்ளபடி போகும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மெயிலில் அனுப்பிடு என்றான். சரி என்றேன்.

என் லேப்டாப்பில் மெமரி கார்டு போடும் இடம் எப்போதோ செத்துப்போனது. பென்னாகரத்தில் பஸ் ஏறி தருமபுரி போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கார்டையும் மெயில் ஐடி எழுதிய சீட்டையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீதான் தப்பு. திரும்பி வருவதற்குள் "அனுப்பியாச்சுண்ணா, எல்லாம் ஒரே மெயில்ல போயிடுச்சு" என்றான் அங்கிருந்த பையன். 42 படமும் ஒரே மெயிலில் எப்படிப் போகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து திறந்தால் ஒன்று 48 கேபி, அடுத்தது 46, எல்லாமே இப்படி. நாள் முழுக்கத் தேர்வு விண்ணப்பத்துக்காக 50 கேபிக்குள் போட்டோ சுருக்கிப் பழகிய கை, ஐந்தருவியையும் விண்ணப்பதாரர் கணக்கில் சேர்த்துவிட்டது. நல்லவேளை, கார்டில் இருந்தவற்றை அவன் தொடவில்லை.

மறுநாள் ஒரு கார்டு ரீடர் வாங்கி நானே உட்கார்ந்தேன். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான், தாண்டினால் தானாகவே கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்க் ஆக்கிவிடும். அனுப்பும்போது ஏதோ அனுமதி பற்றிக் கேட்டது, படிக்காமல் தட்டினேன். அன்று ராத்திரி முழுக்க "அணுக அனுமதி வேண்டும்" என்று வரிசையாக மெயில், நடுவே போனில் இரண்டு வசவு. லிங்க் அனுப்பினால், 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டினால் சுருங்கும் என்று ஒருத்தன் யோசனை சொன்னான். என் கேமரா படங்கள் ஜேபெக் வகை, அது ஏற்கெனவே சுருக்கிய படம், அதில் இன்னும் பிழிய ஒன்றுமில்லை. 280 எம்பி 278 ஆனது, அவ்வளவுதான்.

ஓசூரில் கம்பெனி மெயில் வைத்திருப்பவனுக்கு ஒரே ஒரு படம், 8 எம்பி, அதுவும் திரும்பி வந்துவிட்டது. அவர்கள் சர்வரில் வரம்பு 10 எம்பி, பிறகு ஏன் என்று மண்டை காய்ந்தேன். மெயிலில் போகும் படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புவார்களாம், அப்போது அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், 8 எம்பி 10-ஐத் தாண்டிவிடும். அதற்கப்புறம் ஜிமெயில்காரர்களுக்கு மெயிலுக்கு இரண்டு படம், கம்பெனி மெயிலுக்குப் படத்தின் அகலத்தை 2000 பிக்சலாகக் குறைத்து ஒன்றொன்றாக. போனில் பார்க்க அது தாராளம். பிரிண்ட் போடுகிறவனுக்கு மட்டும் குறைக்காமல்.

மஸ்கட்காரன் மறுபடி பிரிண்ட் எடுத்தான். இந்தமுறை பரிசலின் விளிம்பில் மூங்கில் பின்னல்கூடத் தெரிகிறது என்றான். இப்போது ஐபோன் வைத்திருக்கும் இன்னொருத்தன், தான் எடுத்த இருபது படங்களை எனக்கு மெயில் செய்திருக்கிறான். எல்லாம் ஐபோன் படத்தைச் சேமிக்கும் ஹெச்இஐசி வகை, என் பழைய விண்டோஸில் ஒன்றும் திறக்கவில்லை. ஜேபெக்காக மாற்றி அனுப்புடா என்று நேற்றுப் போன் செய்தேன், "வாட்ஸ்அப்பில் போடறேன்" என்கிறான்.