பிப்ரவரிக்கு முன்னால் போக வேண்டிய மனு

நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் எஸ்டேட் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கையின் அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் சொந்தம் உண்டு. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் தமிழக அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீ தொடங்கியது. அதனால் 'ஏழை நாடுகளுக்கு இந்தியா உதவ வேண்டும்' என்று எம்.பி.க்கு மனு எழுதுவது இந்த மலையில் அந்நியமான வேலை இல்லை. அங்கே தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஒற்றை அறையில் இருப்பது அத்தை மகனின் குடும்பம்.

பெரும்பாலான மனுக்கள் கேட்கிற விஷயத்திலேயே தவறுகின்றன. 'இலங்கைக்கான உதவித் தொகையைக் கூட்டித் தாருங்கள்' என்று எழுதுகிறோம். எம்.பி.யால் அது முடியாது. அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவுப்படி அமைச்சகம் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையை மக்களவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. கூட்டுவதென்றால் அமைச்சகமே கூட்டி எழுதிவர வேண்டும். பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வைக்கப்படுகிறது. நிதியமைச்சகம் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே மற்ற அமைச்சகங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடும். ஆகவே, வெளியுறவு அமைச்சருக்கு எம்.பி. எழுத வேண்டிய கடிதத்தைக் கேட்டு நாம் செப்டம்பரிலேயே போய் நிற்க வேண்டும். எம்.எல்.ஏ.விடம் கொடுத்துப் பயனில்லை. வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது.

பட்ஜெட் வந்த பிறகு கையில் இருப்பது, மக்களவையில் எம்.பி. கேட்கும் கேள்விதான். 150 சொல்லுக்குள், ஒரே பொருளில், முழுதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்போடு தர வேண்டும். அவையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி நாளுக்கு இருபதுதான், அதுவும் குலுக்கலில் விழ வேண்டும். எழுத்தில் பதில் வரும் கேள்வி 230 வரை போகும், நமக்கு அது போதும். கேட்க வேண்டியது இது: 'மூன்று ஆண்டுகளில் இலங்கை உதவிக்குப் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு எவ்வளவு? குறைந்திருந்தால் ஏன்?' இதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தால் எம்.பி.யின் உதவியாளருக்கு வேலை மிச்சம். திருத்திய மதிப்பீடு என்பது ஆண்டின் நடுவில் மாற்றிக் குறிக்கும் தொகை. தொகையைப் போலவே ஒரு வீட்டின் விலையையும் கேட்க வேண்டும். 2017இல் இலங்கையின் நோர்வூட்டில் இந்தியா அறிவித்த 10,000 மலையக வீடுகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்து சிமென்ட், கம்பி விலை ஏறியதும், ஒரு வீட்டுக்குக் குறித்த பணம் பற்றவில்லை.

கையெழுத்து வாங்கும்போது மலையோடு நின்றுவிடக் கூடாது. நீலகிரித் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் கீழே இருக்கின்றன. அங்கே ஒருவரும் கையெழுத்திடாத மனுவை 'மேலே இருக்கிறவங்க விஷயம்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

'கூடலூருக்கே ரோடு சரியில்லை, அடுத்த நாட்டுக்கு எதுக்குப் பணம்?' என்ற கேள்வி எல்லா வாசலிலும் வரும். கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார், அவரிடம் கோபப்படக் கூடாது. எண்ணைக் காட்ட வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு மொத்தமே 20,516 கோடி. மத்திய அரசு செலவிடும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது பைசா. அதற்குள்ளும் இலங்கை உதவி 300 கோடி, பூடானுக்கு 2,150 கோடி. இந்த நாலு எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனால், வாசலில் பேச்சு நீளாது.

பதில் வந்ததும் மக்களவை இணையதளத்திலிருந்து அச்செடுத்து, முதலில் திருத்திய மதிப்பீட்டு எண்ணைப் பாருங்கள். பட்ஜெட் மதிப்பீட்டைவிட அது குறைந்திருந்தால், அடுத்த செப்டம்பர் மனுவின் முதல் வரியாக அந்த வித்தியாசத்தை எழுதுங்கள்.