சார்ட்டில் எழுதிய 20

ஐ.சி.யு. சார்ட்டைப் புரட்டினால், மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் வரிசையாக 20, 20, 20 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மானிட்டரிலும் மூச்சுக்கு ஒரு எண் ஓடும். ஆள் கொஞ்சம் புரண்டாலே அது தப்பாகிவிடும். ஒரு நிமிடம் நின்று நாம்தான் எண்ண வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்ணாமல் எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி.

காரைக்குடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ஆறு பெட், நைட் டியூட்டி. இரண்டாம் பெட்டில் நெஞ்சுவலி என்று வந்த பெரியவர். வலி அடங்கி மணிக்கணக்காகிவிட்டது, ஆனால் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கதவை விட்டு நகரவில்லை. "சிஸ்டர், ட்ரிப்ஸ் நிக்குது", "சிஸ்டர், ஏசியைக் குறைங்க". அங்கேயே ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் பெட்டில் ஒரு ஆச்சி. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். பிள்ளைகள் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டிலிருந்து கூட வந்தது சமையல் பார்க்கிற அம்மா மட்டும். ஆச்சி எதுவும் கேட்கவில்லை, முனகக்கூட இல்லை. நல்லாத் தூங்குறாக என்று நினைத்து 20 போட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த இன்சார்ஜ் அக்கா, போர்வையை விலக்கி ஆச்சியின் நெஞ்சில் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "34. நீ என்னடி எழுதியிருக்க?"

ஆச்சியை உலுக்கி, இது எந்த ஊர் என்று கேட்டேன். அப்பச்சியைச் சாப்பிடக் கூப்பிடு, சோறு ஆறுது என்றார். அப்பச்சி, அதாவது ஆச்சி வீட்டுக்காரர், தவறிப் பல வருஷமாகிறது என்றார் சமையல் அம்மா.

தொற்று ரத்தத்தில் பரவும்போது உடம்பில் அமிலம் கூடுகிறது. அதை வெளியே தள்ள மூச்சு வேகமெடுக்கிறது. பிரஷர் விழுவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். மூச்சு 22-க்குக் குறையாமல் இருப்பது, புத்தி தடுமாறுவது, மேல் பிரஷர் 100-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடுவது. மூன்றில் இரண்டு இருந்தாலே டாக்டரை எழுப்பிவிட வேண்டும். ஆச்சிக்கு முதல் இரண்டும் இருந்தன. எந்தக் கிருமி என்று பார்க்க ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். கிலோவுக்கு 30 மில்லி கணக்கில், 50 கிலோ ஆச்சிக்கு ஒன்றரை லிட்டர் சலைன். நடுவே நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று ஸ்டெத் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அப்படியும் விடியுமுன் 80/50. பிரஷரைத் தூக்கும் நார்அட்ரினலின் மருந்தை ஓட்டி, சராசரி பிரஷரை 65-க்கு மேல் நிறுத்தினோம். மணிக்கு மணி யூரின் அளந்தேன். ஆச்சி பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்த 20-ஐ அடித்துவிட்டு 34 என்று எழுதச் சொல்லி என்னைக் கையெழுத்துப் போட வைத்தார் அக்கா. அந்த இரவில் அதுதான் எனக்கு வலித்தது.

அதற்கப்புறம் வந்தவர்தான் கட்டுவிரியன் கடித்த அண்ணன். அறுவடைச் சமயம், களத்தில் தரையில் படுத்திருக்கிறார். கடித்ததே தெரியவில்லை. விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை கனத்துவிட்டது. ஆக்சிஜன் 98. வீட்டார் மதுரைக்கே கொண்டுபோகிறோம் என்றார்கள். 90 கிலோமீட்டர் வரும். நான் அவரிடம் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். சடுகுடு ஆடிய ஆள்தானே! 21 வரை போனார். கால் மணி கழித்து 13. அடுத்த தடவை 8. மூச்சுத் தசை தளர்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். மானிட்டர் அப்போதும் ஆக்சிஜன் 97 காட்டியது. இப்படியே காரில் ஏற்றினால் திருப்பத்தூர் தாண்டுமுன் மூச்சு நின்றுவிடும் என்றேன். டாக்டர் மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்.

விஷமுறிவு மருந்து பத்து பாட்டில். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஏற்றிய சிரிஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே கெடுத்துவிடுவதால், மருந்து போட்டதும் ஆள் எழுந்து உட்கார மாட்டார். நாள்கணக்கில் வென்டிலேட்டர்தான். அந்த நாள்களில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் நர்ஸ் வேலை: தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது, இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவது, மூடாத கண்ணுக்கு ஆயின்ட்மென்ட், 15 விநாடிக்கு மேல் போகாமல் சளியை உறிஞ்சும் சக்‌ஷன்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோயாளி விரலைக்கூட அசைக்க மாட்டார், கண்மணி விரிந்து கிடக்கும், மூளை போய்விட்டது என்றே தோன்றும். ஆனால் காது கேட்கும், வலியும் தெரியும். அதனால் ஊசி குத்துமுன் சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். "அண்ணே, இந்தப் பக்கம் திருப்புறேன். அண்ணே, மணி மூணு, வெளியே மழை." புதிதாக வந்த பொண்ணுங்க யாரிடம் பேசுறீங்க என்று சிரிப்பார்கள்.

ஐந்தாம் நாள் டியூப் எடுத்தோம். மறுநாள் குரல் கரகரவென்று வந்தது.

"ஏந்தங்கச்சி, அன்னைக்கு ராத்திரி இட்லி புளிச்சுப்போச்சுன்னு அந்தப் புள்ளைகிட்ட சொன்னியே, அப்புறம் சாப்பிட்டியா இல்லையா?"