மாஸ்டர் போட்ட சிவப்பு வட்டங்களும் என் சுண்டு விரலும்

இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்து ஹையருக்குப் போனபோது எனக்கு வேகத்தை நினைத்துத்தான் பயம். லோயரில் நிமிடத்துக்கு 30 சொல், ஹையரில் 45. ஐந்து ஸ்ட்ரோக் (விசைத் தட்டல்) ஒரு சொல் என்று கணக்கு. ஆக, 10 நிமிடத்தில் 2,250 ஸ்ட்ரோக். வேகம் எப்படியோ வந்துவிட்டது. தப்புதான் குறையவே இல்லை.

தினமும் தாளை நீட்டுவேன். மாஸ்டர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மேலே 18 என்று எழுதித் தருவார். மறுநாள் 17, அப்புறம் 20. பார்த்துப் பார்த்து அழுகை வந்ததே தவிர, எதை மாற்றுவது என்று புரியவில்லை. பாதித் தப்பு ஒரே ரகம்: கேப்பிடல் எழுத்துகள் வரியோடு ஒட்டாமல் நிற்கும். மெஷின் மேல் பழியைப் போட்டு இரண்டு முறை இடம் மாறிக்கூட உட்கார்ந்தேன்.

பக்கத்து மெஷினில் அடித்த பிளஸ் டூ பெண் ஒருநாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எழுத்து விழறதுக்குள்ள ஷிஃப்ட்டை விட்டுடுறீங்க." அவ்வளவுதான். எழுத்து விழும்வரை ஷிஃப்ட்டை விடாமல் அழுத்திப் பிடிக்கச் சுண்டு விரலைப் பழக்கிய அந்த வாரம் வேகம் சரிந்தது. அதற்குப் பயந்து பழையபடி அடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

பின்னால் பி.எட். படித்தபோது குளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பின்னூட்டம், அதாவது செய்தது எப்படி இருக்கிறது என்று சொல்வது, சராசரியாகப் பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் திறனைக் குறைத்திருக்கிறது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படி' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அந்த 18 நினைவுக்கு வந்தது.

பேட்ச்சுக்கு மொத்தமாகச் சொல்வது வேறு கதை. "இந்த பேட்ச்ல தப்பு ஜாஸ்தி" என்பார் மாஸ்டர். பன்னிரண்டு பேரும் தலையாட்டுவோம், ஒவ்வொருவரும் மற்ற பதினொரு பேரை நினைத்துக்கொண்டு! ஆனால் ஸ்டேட்மென்ட் (அட்டவணை) அடிக்கும்போது, "யாருமே டேப் செட் பண்ணாம ஆரம்பிக்கிறீங்க" (ஒவ்வொரு பத்தியும் தொடங்கும் இடத்தை மெஷினில் குறிக்காமல்) என்றார் பாருங்கள், அன்றே எல்லோரும் திருந்திவிட்டோம். அது நிஜமாகவே எல்லோரும் செய்த தப்பு.

கடைசி இரண்டு மாதம், தாளைக் கொடுக்கும் முன் நானே பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் எந்த விரல் என்று எழுதினேன். அவர் 9 தப்பு கண்ட தாளில் நான் 6 பிடித்திருப்பேன். விட்டுப்போன மூன்றைப் பற்றி மட்டும் கேட்பேன். கூட்டம் நெருக்கும் மாலை பேட்ச்சிலும் அதற்கு அவருக்கு நேரம் இருந்தது.