பதினொன்றும் பன்னிரண்டும்

1973. பாணுக்கு வரிசையில் நின்ற காலம். நம் கல்லூரி ஆய்வுகூடத்துக்குக் கூரை போடக் காசில்லை என்று பழைய மாணவர் சங்கத்தார் ஒரு நிதியுதவிக் காட்சி ஒழுங்கு செய்தார்கள். படம் ‘பாசமலர்’. 1961இல் வந்ததுதான். ஆனால் பட இறக்குமதி திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனபின் புதுப்படங்கள் அருகிப்போய், பழசுகளே திரும்பத் திரும்ப ஓடின. வின்சர், ராணி, மனோகரா என்று யாழ்ப்பாணத்தில் தியேட்டருக்குக் குறைவில்லை. இது எந்தத் தியேட்டர் என்று மட்டும் சொல்லமாட்டேன். றீல் அறுந்த கதையும் வருகிறது.

பத்தாம் வகுப்புக்காரர் ஆளுக்கொரு ரிக்கற் புத்தகம் விற்கவேண்டும். நான் முதலில் போனது மாமாவிடம். அம்மாவுக்கு ஒரே தமையன். மிளகாய்க்கு நல்ல விலை போன வருசம், கை இளகும் என்று நினைத்தேன். “படம் முடியக் காசு தாறன்” என்று ஒன்றை வாங்கிக்கொண்டார். அடுத்ததை அம்மா எடுத்தா, அவவும் கடனுக்குத்தான். பதினொன்று, பன்னிரண்டு. என்னுடையது பதின்மூன்று. பக்கத்துப் பக்கத்துக் கதிரை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

இருவரும் முகம் பார்த்துப் பேசி நாலு வருசம். வேலி அடைக்கும்போது மாமா கதியாலை அரை முழம் எங்கள் பக்கம் தள்ளி நட்டார் என்பது அம்மாவின் கட்சி. பழைய வேலிதான் சாய்ந்து கிடந்தது என்பது மாமாவின் கட்சி. இதற்கிடையில் நட்ட கிளுவைக் கதியால் வேர்விட்டுத் தளிர்த்தும் விட்டது.

மாமா வந்து இருந்தது லைற் அணைந்த பிறகு. படத்தில் பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வீட்டில் தங்கள் பிள்ளையைத் தாலாட்டுகிறார்கள். அந்தப் பாட்டின் நடுவில் றீல் அறுந்தது. லைற் வந்தது, கலரியில் விசில். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தபடி அம்மா திரும்பினா. பக்கத்தில் மாமா, கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு கச்சான் கடலைச் சரையை அம்மாவின் மடிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

“இந்தா, கொம்மாட்டைக் குடு.”

கொடுத்தேன். அம்மா ஒன்றை உடைத்தா. கோதை எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தா. ஒட்டிய றீல் திரும்ப ஓடியபோது பாட்டில் ஒரு அடியைக் காணோம். கடைசிக் காட்சிக்குத் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. சிவாஜி கொஞ்சம் கூடத்தான் அழுகிறார் என்று இங்கே ரொறன்ரோவில் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அதுவும் போதாமல் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்து யார் முன்னால் நடந்தார். பேச்சில்லை. வேலியும் அசையவில்லை.

மறுநாள் காலை அம்மா இரண்டு ரிக்கற்றுக்கும் காசு தந்தா. “கொம்மானின்ரையும் சேர்த்துக் கட்டு. அவரிட்டைக் கேக்காதை.”

பள்ளிக்கூடம் போகிற வழியில், படலையடியில் மாமா நின்றார். “கொம்மாவின்ரையும் இதிலை இருக்கு. அவளுக்குச் சொல்லிப்போடாதை.”

கணக்கெடுத்த மாஸ்டர் என் அடிக்கட்டைகளை இரண்டு தரம் எண்ணினார். “எல்லாருக்கும் குறையுது. உனக்கு மட்டும் எப்பிடியடா ரெண்டு ரிக்கற் காசு கூட?”

“கூரைக்கு எண்டு எழுதுங்கோ, சேர்” என்றேன்.